சூலா ஆட்டத்தில் ஒரு குதிரை

தெற்கு பிரேசில் புல்வெளியில் மாடு மேய்க்கிற காச்சோக்களின் திருவிழா. புதுப் பண்ணையார் அன்செல்மோ சட்டம் போட்டார்: குதிரையைக் குத்தி விரட்டுகிற வெள்ளி முள்ளை பூட்ஸில் மாட்டாதவன் காச்சோவே இல்லை, அவன் ஆடக்கூடாது.

வெறுங்காலோடு நின்ற மேய்ப்பன் சிரிலோ தலையைச் சொறிந்தான். "எசமான், நான் எப்பவும் இப்படித்தானே ஆடுறேன்?"

"அப்போ என்னோட சூலா ஆடி ஜெயி. தோத்தா பண்ணையை விட்டுப் போயிடணும்."

சூலாவில் தரையில் ஈட்டியைக் கிடத்தி, அதில் கால் படாமல் ஆட வேண்டும். ஒருவன் செய்ததை மற்றவன் அப்படியே செய்து காட்ட வேண்டும், முடியாதவன் தோற்றான். அன்செல்மோ நகரத்தில் வாத்தியார் வைத்துக் கற்றவர். சிரிலோ போட்ட அடியையெல்லாம் அலட்டிக்கொள்ளாமல் திருப்பிப் போட்டார். வெள்ளி முள் கிணுகிணுத்தது. கூட்டம் வாயைப் பிளந்தது.

மறுபடி சிரிலோவின் முறை. ஈட்டியைத் தாண்டியவன் நிற்கவில்லை. அக்கார்டியன் தாளத்துக்கு ஆடிக்கொண்டே கொட்டகை வாசலுக்குப் போனான், அங்கே நின்ற சேணமில்லாத குதிரைமேல் தாவினான், ஒரு சுற்று சுற்றினான், இறங்கி அதே தாளத்தில் ஆடிக்கொண்டே திரும்பி வந்தான்.

"உங்க முறை, எசமான்."

அன்செல்மோ குதிரையைப் பார்த்தார். குதிரை அன்செல்மோவைப் பார்த்தது. இருவருக்கும் அதுதான் முதல் அறிமுகம்.

"குதிரையெல்லாம் இந்த ஆட்டத்துல சேராது!"

"சேராதா எசமான்?" சிரிலோ பணிவாகக் குனிந்தான். "அப்போ அந்த முள்ளு யாரைக் குத்துறதுக்கு?"