குளத்து முறைக்கு வாத்து எழுதிய நிரல்

பிப்ரவரி மூன்றாம் தேதி காலை ஏழு மணிக்கு ஆவாரங்காட்டுக் குளக்கரையில் பதினொரு விலங்குகள் கூடின. கூட்டத்தைக் கூட்டியது குளக் குழுவின் தலைவி, குமுதவல்லி என்ற புள்ளிமான்.

முந்தைய கோடையில் யார் எப்போது தண்ணீர் குடிப்பது என்பதை விலங்குகள் வாயால்தான் சொல்லிவந்தன. ஒரு நாள் மான்களின் முறையில் சிறுத்தை வந்தது. "மறந்துவிட்டேன்" என்றது. குமுதவல்லி ஒரு தங்கையைப் பறிகொடுத்தது. மிச்சத்தைத் தின்று குள்ளநரி வேம்பன் கொழுத்தது.

இந்த ஆண்டு குமுதவல்லிக்கு ஒரு குட்டி இருந்தது. "முறைகளை இணையதளத்தில் பதிவோம். புல் தின்பவரும் கறி தின்பவரும் ஒரே முறையில் வரவே கூடாது!" என்றது.

பெயர்களைத் தரவுத்தளத்தில் எழுதவும் எடுக்கவும் தளத்துக்குப் பின்னால் ஒரு நிரல் ஓட வேண்டும். அதை எந்த மொழியில் எழுதுவது?

"பி.எச்.பி. என்ற பழைய நிரல்மொழியில் எழுதலாம்" என்றது முள்ளம்பன்றி சடையன். "எனக்குத் தெரியும். என் மச்சானுக்குத் தெரியும். உடும்புக்கும் அரைகுறையாகத் தெரியும்."

வேம்பன் புரண்டு புரண்டு சிரித்தது. "பி.எச்.பி.யா! பக்கத்துக் காட்டில் கேட்டால் மானம் போகும்! நம்ம டோல்மா அக்காவைக் கேளுங்கள்!"

டோல்மா, பனிமலைக்கு அப்பாலிருந்து குளிர்காலத்துக்கு வந்திருந்த வரித்தலை வாத்து. அது கழுத்தை நீட்டியது. "எங்கள் ஏரியில் எல்லோரும் ஹிமா மொழிக்கு மாறிவிட்டார்கள். இமை மூடித் திறப்பதற்குள் பத்தாயிரம் பேருக்குப் பதில் சொல்லும்!"

"இந்தக் காட்டில் இருப்பதே நானூறு பேர்தானே?" என்றது சடையன்.

"உன் முள்ளில் இருக்கும் கூர்மை மூளையில் இல்லையே!" என்றது வேம்பன். கூட்டம் சிரித்தது.

"சிரியுங்கள். நாளைக்கு ரிப்பேர் ஆனால் யார் பார்ப்பது?" என்றது சடையன்.

"நான் இருக்கும்வரை ஒரு குறையும் வராது!" என்றது டோல்மா. எல்லாம் குளம்பையும் சிறகையும் தட்டின.

டோல்மா பொய் சொல்லவில்லை. மார்ச் கடைசியில் வாத்துகள் வடக்கே கிளம்பிவிடும் என்பது அந்தக் காட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் குளம் தளும்பும்போது கோடையை யார் நினைப்பார்? வேம்பன் நினைத்தது. நினைத்துத்தான் டோல்மாவின் பெயரைச் சொன்னது.

குமுதவல்லிக்கும் பழம்பஞ்சாங்கம் என்று பெயர் வாங்க விருப்பமில்லை. ஹிமாவுக்கே ஓட்டுப் போட்டது.

டோல்மா எழுதிய தளம் பளபளத்தது. மார்ச் முடிந்தது. வாத்துகள் பறந்தன.

மே மாதம் குளம் பாதியாக வற்றியது. நாளுக்கு ஐந்தாக இருந்த முறைகளைக் காலை, மாலை என இரண்டாகக் குறைக்கக் குழு முடிவு செய்தது. நிரலில் அதை மாற்ற வேண்டும். சடையன் திறந்து பார்த்தது. "ஓர் எழுத்தும் புரியவில்லை. நான் கை வைக்க மாட்டேன்" என்று மூடிவிட்டது. பனிமலைக்கு அப்பால் போன் எட்டவில்லை.

"இதற்கா இத்தனை கவலை!" என்று வேம்பன் முன்வந்தது. ஐந்து என்ற எண்ணை அழித்து இரண்டு என்று போட்டது. தளம் ஓடியது. ஆனால் மீதி மூன்று முறைகளில் இருந்த அத்தனை பேரையும் காலை முறையிலேயே கொட்டிவிட்டது. மானும் சிறுத்தையும் சேர்ந்திருப்பதை வேம்பன் கவனித்தது. வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை குமுதவல்லி குட்டியோடு தண்ணீரில் வாய் வைத்தது. எதிர்க்கரையில் சிறுத்தை நின்றது. அதன் பக்கத்தில் வேம்பன்.

"ஐயா, இது எங்கள் முறை!" என்றது மான்.

"எனக்கும் இதே முறைதான் அம்மா. போனில் வந்திருக்கிறது."

"தளம் சொன்னால் சட்டம்!" என்று ஊளையிட்டது வேம்பன். "தலைவியம்மா போட்ட சட்டம்!"

குட்டி தாயின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டது. குமுதவல்லி அசையாமல் கேட்டது: "நீ எந்த முறை, வேம்பா?"

"நானும் காலைதான்!"

"அப்படியா! ஐயா, எங்களைப் பிடிக்க நீங்கள் குளத்தைச் சுற்றி ஓட வேண்டும். இவனோ உங்கள் மீசைக்குக் கீழே நிற்கிறான். போன கோடையிலிருந்து நன்றாகவும் சாப்பிட்டிருக்கிறான்."

சிறுத்தை மெல்லத் தலையைத் திருப்பியது.

"அக்கா, விளையாடாதீர்கள்!" என்று அலறி வேம்பன் ஓடியது. அவசரத்தில் வாலில் பாதி கரையிலேயே தங்கிவிட்டது. அதற்குள் மானும் குட்டியும் தாகத்தோடு புதருக்குள் மறைந்தன.

குமுதவல்லி நேராகச் சடையனின் வளைக்குப் போனது. "திட்டுவதானால் திட்டு. ஆனால் உன் பி.எச்.பி.யில் இன்றே எழுது."

"திட்டிக்கொண்டேதான் எழுதுவேன்" என்றது சடையன். சொன்னபடியே செய்தது.

புதிய தளம் பார்க்க லட்சணமாக இல்லை. பட்டனை அழுத்தினால் சற்று யோசித்துவிட்டே பதில் சொன்னது. அந்தக் கோடையில் இரண்டு தடவை நின்றும் போனது. ஒரு தடவை மச்சான் சரிசெய்தது, இன்னொரு தடவை உடும்பு. மான்களும் சிறுத்தையும் மறுபடி ஒரே முறையில் சந்திக்கவில்லை.

நவம்பரில் டோல்மா திரும்பியது. "நான் மார்ச்சில் போய்விடுவேன் என்று தெரியாதா? ஏன் அன்றைக்கே கேட்கவில்லை?" என்று கோபித்தது.

"தெரியும். உன் மொழியின் வேகத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம்" என்றது குமுதவல்லி.

நவம்பர் பத்தொன்பதாம் தேதி கூடிய குளக் குழு, எந்தக் கருவியையும் தேர்ந்தெடுக்கும் முன் அது எவ்வளவு வேகமானது என்று கேட்காமல், பழுதானால் சரிசெய்ய இங்கே யார் இருப்பார் என்றே முதலில் கேட்க வேண்டும் என ஒருமனதாகத் தீர்மானித்தது.