கருப்புக் கோடுகள்

"தொலைநோக்கி பொய் சொல்லுமா?"

கோபுரத்தின் படிகளில் ஏறி வந்ததும் பிரபு ஓர்த்தென்சியோ கேட்ட முதல் கேள்வி இதுதான். போர்க்களத்திலிருந்து நேராக வந்திருந்தார். காலணிச் சேறு இன்னும் காயவில்லை. கையில் ஒரு சுத்தியல்.

பெனெதெத்தா நிமிரவில்லை. நண்பகல். பெரிய தொலைநோக்கி வழியாக இறங்கிய சூரியன், அவர் முன்னிருந்த தாளில் ஒரு தட்டு அளவுக்கு விழுந்திருந்தது. அதில் தெரிந்த கரும்புள்ளிகளை ஒவ்வொன்றாக மையால் குறித்துக்கொண்டிருந்தார்.

இத்தாலியின் அந்த மலைநாட்டில் பிரபுவைத் தெரியாதவர்கள் இல்லை. இருபத்தேழு வருடம் படை நடத்தியவர். போர் இல்லாத நாட்களையெல்லாம் வானத்துக்குக் கொடுத்தவர். தொலைநோக்கிக்குக் கண்ணாடி தேய்ப்பவர் ஒருவரின் விதவையான பெனெதெத்தாவுக்கு இந்தக் கோபுரத்தைக் கட்டிக்கொடுத்தார். கட்டிக்கொடுத்துவிட்டு, தன்னைவிடப் பதினைந்து வயது சிறியவரான அவரிடமே மாணவராக வந்து உட்கார்ந்தார்.

"எந்தத் தொலைநோக்கி?"

"போருக்குப் புறப்பட்டபோது நீங்கள் கொடுத்தது."

பிரபு இடுப்பிலிருந்து அதை எடுத்து நீட்டினார். பெனெதெத்தா சன்னலருகே போய்த் தூரத்துத் தேவாலயத்தைப் பார்த்தார். பிறகு அதைப் பிரபுவிடம் கொடுத்தார்.

"என்ன தெரிகிறது?"

"மணிக்கூண்டு. மேலே சிலுவை. சிலுவையில் ஒரு புறா."

"என்ன செய்கிறது?"

"இறகு கோதுகிறது."

"கண்ணாடியில் குறையில்லை" என்றார் பெனெதெத்தா.

பிரபு சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தார். குறை இருக்கிறது என்று சொல்லிவிடுவார் என்ற நம்பிக்கையில்தான் இரண்டு நாள் குதிரையில் வந்திருந்தார்.

"ரோக்காமூத்தா என்று ஒரு சின்ன ஊர். மலை மேலே. நாங்கள் கீழே முற்றுகையிட்டிருந்தோம்" என்றார். "காலையில் மழை விட்டதும் ஊரிலிருந்து ஒரு கூட்டம் இறங்கி வந்தது. இதில் பார்த்தேன்."

"என்ன பார்த்தீர்கள்?"

"ஈட்டிகள்."

"என்ன பார்த்தீர்கள்?"

"அதுதான் சொன்னேனே, ஈட்டி..." பிரபு நிறுத்தினார். "கோடுகள். ஆட்களின் தோளுக்கு மேலே. கருப்பாக, நேராக."

"பிறகு?"

"பீரங்கியைச் சுடச் சொன்னேன்."

தாளில் சூரியன் நகர்ந்து ஓரத்துக்கு வந்துவிட்டது. பெனெதெத்தா தாளை இழுத்துச் சரிசெய்யவில்லை.

"கொடிக்கம்புகள் அம்மா. தேவாலயக் கொடிகள். மழைக்காகச் சுருட்டிக் கட்டியிருந்தார்கள். ஊர்ச் சாவியைக் கொடுத்துச் சரணடைய வந்தவர்கள். அறுபத்தோரு பேர். நானே குதிரையிலிருந்து இறங்கி நடந்து பார்த்தேன், எல்லோரும் செத்துக் கிடந்தார்கள்."

சட்டென்று எழுந்தார். பெரிய தொலைநோக்கியின் முன்னால் போய் நின்று சுத்தியலை ஓங்கினார்.

"இதெல்லாம் இல்லாமல் இருந்திருந்தால், அவர்கள் பக்கத்தில் வரும்வரை காத்திருந்திருப்பேன்!"

"உடையுங்கள். உங்களுடையதுதான்" என்றார் பெனெதெத்தா. "அவர்கள் பெயரெல்லாம் என்ன?"

"யாருடைய பெயர்?"

"அறுபத்தோரு பேர்."

ஓங்கிய கை அப்படியே நின்றது.

"தெரியாது."

"போய்க் கேட்டு வாருங்கள்."

"என்னை ஊருக்குள் விடமாட்டார்கள்."

"வெளியே உட்காருங்கள்."

"எத்தனை நாள்?"

"சூரியனில் தெரிந்தது புள்ளியா, தூசியா என்று பார்க்க இங்கே பதினோரு நாள் உட்கார்ந்திருந்தீர்கள். உட்காரும்படி யாரும் சொல்லவில்லை."

பிரபு சுத்தியலைக் கீழே வைத்தார். அது கை நழுவி விழுந்தது போலத்தான் இருந்தது.

முற்றுகையை நீக்கி, வாளும் ஆளும் இல்லாமல் அங்கே போனார். ரோக்காமூத்தாவின் வாசல் திறக்கவில்லை. முதல் நாள் கல் வந்தது. ஒன்று நெற்றியைக் கிழித்தது. மறுநாளும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். பிறகு கல் வரவில்லை. யாரும் அவரைப் பார்க்கவே இல்லை. ஆடு மேய்ப்பவர்கள் அவர் ஒரு பாறை என்பதுபோல் சுற்றிக்கொண்டு போனார்கள்.

பதினேழாம் நாள் ஒரு பெண் தண்ணீர்க் குடத்தோடு வந்து எதிரில் நின்றாள்.

"எதற்கு உட்கார்ந்திருக்கிறாய்?"

"பெயர்கள் வேண்டும்."

"தெரிந்து என்ன செய்வாய்?"

"தெரியவில்லை."

அவள் குடத்தை இறக்கவில்லை. தண்ணீரும் கொடுக்கவில்லை.

"தொனாத்தோ. என் வீட்டுக்காரர். கூரை வேய்கிறவர்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்த பெயர் கிடைக்க நான்கு நாள் ஆனது.

பனிக்காலம் முடியும் தருவாயில் பிரபு கோபுரத்துக்குத் திரும்பி வந்தார். தாடி வெளுத்திருந்தது. படியேறும்போது இரண்டு தடவை நின்றார். ஒரு தாளை மேசையில் விரித்தார்.

பெனெதெத்தா ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படித்தார். அவசரப்படவில்லை. படித்து முடித்ததும், "அறுபதுதான் இருக்கிறது" என்றார்.

"கடைசி ஒரு குழந்தை. பிறந்து எட்டு நாள். ஞானஸ்நானம் ஆகவில்லை, பெயரும் வைக்கவில்லை. அம்மா இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தாள். அப்பா கொடி பிடித்து முன்னால் நடந்தார். மூவரும் போய்விட்டார்கள். என்ன பெயர் நினைத்திருந்தார்கள் என்று அந்த ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை."

பெனெதெத்தா தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்கள் ஒரு பெயர் வையுங்கள் அம்மா" என்றார் பிரபு. "எத்தனையோ விண்மீன்களுக்கு வைத்திருக்கிறீர்கள்."

"எனக்கு அந்த உரிமை இல்லை."

"எனக்கு?"

"உங்களுக்கும் இல்லை."

பிரபு அறுபதாவது பெயருக்குக் கீழே விரலை வைத்தார்.

"அப்படியென்றால் இந்த வரி?"

பெனெதெத்தா தாளைத் திருப்பி அவரிடமே கொடுத்தார்.

"காலியாகத்தான் இருக்கும்."