கேட்காமல் விட்ட பேச்சு

"என் பொருளே என்னைய உள்ள விடமாட்டேங்குதுங்க, சாமி."

சென்னியப்பன் வந்ததும் வராததுமாகச் சொன்னது இதைத்தான். கும்பிடக்கூட மறந்துவிட்டார்.

சாமியம்மா நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். முறத்தைச் சற்று நகர்த்தி அவருக்கு இடம் விட்டார்.

"உக்காருங்கய்யா."

உட்கார்ந்தார்.

குன்றின் அடியில் ஓடு வேய்ந்த நீளமான ஒரு கொட்டகைதான் அந்த மடம். அங்கே இருக்கும் சாமியம்மாவுக்கு முப்பத்தைந்து வயதுகூட இராது. சென்னியப்பனுக்கு அறுபது தாண்டிவிட்டது. ஆனாலும் அவர்தான் சீடர். சீடர் என்றதும் காவியும் கமண்டலமும் நினைத்துக்கொள்ள வேண்டாம். காங்கேயம் பக்கம் தேங்காய்க் களம் வைத்திருப்பவர். தேங்காய்ப் பருப்புக் காயப்போட்டு, மூட்டை பிடித்து, லாரி ஏற்றிவிட்டு, மனசு சரியில்லாத அன்றெல்லாம் வண்டியை எடுத்துக்கொண்டு இங்கே வந்துவிடுவார். ஐந்தாறு வருஷமாகவே இப்படித்தான்.

மடத்தில் ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. யாராக இருந்தாலும் போனை வாசலில் இருக்கும் மண்பானையில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். சென்னியப்பன் தன்னுடைய பட்டன் போனை அதில் போட்டுவிட்டுத்தான் வந்தார். ஆனால் சட்டைப் பையில் இன்னொன்று இருந்தது. அதை எடுத்து முறத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

கறுப்புக் கண்ணாடி போன். விலை உயர்ந்தது. மூலையில் ஒரு கீறல்.

சாமியம்மா பானையைப் பார்த்தார். பிறகு போனைப் பார்த்தார்.

"இது எங்கயும் பேசாதுங்க சாமி. அதனாலதான் பானையில போடல."

"யாரோடது?"

"எங்க அம்மிணியோடதுங்க."

கோகிலவாணி அவருக்கு ஒரே மகள். தாய் இல்லாமல் வளர்ந்த பெண். அமெரிக்காவில் ஓர் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் வேலை பார்த்தாள். போன குளிர்காலத்தில் பனியில் கார் சறுக்கி இறந்துபோனாள். முதலில் உடம்பு வந்தது. அப்புறம் ஒரு பெட்டி வந்தது. பெட்டிக்குள் துணிமணி, மூக்குக் கண்ணாடி, இந்தப் போன்.

அதெல்லாம் சாமியம்மாவுக்குத் தெரியும். சாவு வீட்டுக்கு வந்து ஒரு நாள் முழுக்கப் பக்கத்தில் இருந்தவர்தான்.

"உள்ள என்ன இருக்குதுங்கய்யா?"

"அவ பேச்சு."

சாமியம்மா கடலை உரித்தார். நேரம் கொடுத்தார்.

"அவ கூப்பிடுவாளுங்க. தினமும் கூப்பிடுவா. ரெண்டு வார்த்தை பேசறதுக்குள்ள நான், 'சரி அம்மிணி, வை, காசு ஓடுது'ன்னு வெச்சிருவேன்."

"காசு ஓடுச்சுங்களா?"

"இல்லீங்களாமாங்க. அவ தலைதலையா அடிச்சுக்கிட்டா. 'மாசப் பணத்துலயே எல்லாம் அடக்கம்ப்பா, எத்தன நேரம் பேசுனாலும் ஒண்ணுதான்'னு. நான் நம்பலீங்க. கம்பெனிக்காரன் சும்மா உடுவானான்னேன்."

அவருடைய அப்பா காலத்தில் வெளியூருக்குப் போன் பேச வேண்டுமென்றால் தபாலாபீஸ் வாசலில் காத்துக் கிடக்க வேண்டும். பேசும்போது பக்கத்தில் ஒருவர் கடிகாரம் பார்த்துக்கொண்டு நிற்பார். அந்தக் கடிகாரம் சென்னியப்பனின் காதுக்குள் கடைசிவரை ஓடிக்கொண்டிருந்தது. பாவம், மனுஷன் மகளுடைய காசை மிச்சம் பிடிப்பதாகத்தான் நினைத்தார்.

"நான் வெச்சப்பறம், சொல்ல வந்ததையெல்லாம் அவ இதுலயே பேசிப் பதிஞ்சு வெச்சிருக்காளுங்க. 'ஊருக்கு வந்ததும் உங்களைக் கட்டிப்போட்டு உக்கார வெச்சுக் கேக்க வைக்கறேன், அப்ப எப்படிப்பா வைப்பீங்க'ன்னு, அதுலயே சொல்லிச் சிரிக்கறாளுங்க."

"கேட்டீங்களா?"

"கேட்டனுங்க. திறக்கற நம்பர் என்னோட பழைய மொபெட் நம்பருதான். பெட்டி வந்த அன்னைக்கே திறந்துட்டேன். தினம் ஒண்ணாக் கேட்டேன். பக்கத்து வீட்டுச் சமையல், பனி, அங்க முருங்கைக்கீரை விக்கற விலை... என்னென்னமோ பேசறாளுங்க. ஒண்ணை மட்டும் கேக்கல."

"ஏனுங்க?"

"கடைசி அதுதாங்க. இருக்கறதுலயே நீளமானது. கால் மணி நேரம் இருக்கும். அதையும் கேட்டுட்டா அப்பறம் அவ எங்கிட்டப் புதுசா ஒண்ணும் சொல்ல மாட்டாளேன்னு..." துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். "மிச்சம் வெச்சனுங்க, சாமி. எதையும் மிச்சம் வெச்சே பழகிட்டேன்."

சாமியம்மாவின் கை நின்றது.

"இப்ப?"

"இப்ப எல்லாம் போச்சு."

நடந்தது இதுதான். எல்லாப் போனும் அடித்தது, மகளுடைய போன் மட்டும் அடிக்கவே இல்லை. அது ஒரு தடவை அடிக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது. அவள் வைத்திருந்த மணிச் சத்தம் என்னவென்று கேட்க வேண்டும். தன் சிம்மை அதில் போட்டார். 'இந்த சிம் இங்கே செல்லாது' என்றது போன். விற்ற கம்பெனியின் சிம் தவிர வேறெதுவும் செல்லாதபடி பூட்டி விற்றிருக்கிறார்களாம்.

உலகத்தில் இப்படியும் ஒரு வியாபாரம். தேங்காய் விற்றவன் சட்னி அரைக்கும் இடத்துக்கு வந்து, என் அம்மிக்கல்லில்தான் அரைக்க வேண்டும் என்று நிற்பானா? இவர்கள் நிற்கிறார்கள்.

"தம்பி மகன் அந்தக் கம்பெனிக்கு இங்கிலீசுல பேசுனானுங்க. பூட்டை எடுத்துருவோம், போன் வாங்குனவங்க பேசோணும்னாங்களாம். வாங்குனவ செத்துட்டான்னு சொன்னான். ரொம்ப வருத்தம்னாங்களாம். வருத்தப்பட்டுட்டு, அவங்களையே ஒருக்காப் பேசச் சொல்லுங்கன்னாங்களாம்."

சென்னியப்பன் சிரித்தார். பார்க்கச் சகிக்காத சிரிப்பு.

"எனக்கும் அந்த ஆசைதான்னு சொல்லுடான்னேன்."

பிறகு பஜாருக்குப் போயிருக்கிறார். பூட்டை எடுக்கலாம், ஒன்றும் ஆகாது என்று ஒரு கடைக்காரர் சொன்னார். அவரும் நல்ல எண்ணத்தில்தான் செய்தார். திரும்பக் கொடுத்தபோது போன் புதுப் பெண் மாதிரி இருந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை.

"ஒவ்வொரு பாஷையிலயும் வணக்கம் சொல்லுதுங்க சாமி. தமிழ்லயும் சொல்லுது. அப்பறம் அவளோட கணக்குக்கு ரகசியச் சொல்லைக் கேக்குது. மொபெட் நம்பர் இல்லீங்க அது. வேற என்னமோ. என்ன போட்டாலும் இல்லைங்குது."

"வேற எதுலயும் எடுத்து வைக்கலீங்களா?"

"தம்பி மகன் கேட்டான். எம்மக குரல் ஊரெல்லாம் சுத்தோணுமான்னு நாந்தான் வேண்டாம்னுட்டேன்."

சாமியம்மா மறுபடியும் கடலை உரிக்கத் தொடங்கினார்.

வெளியே வேப்பமரத்தில் காக்கை கத்திக்கொண்டிருந்தது. மடத்து மாடு கழுத்து மணியை அசைத்தது. சென்னியப்பன் காத்திருந்தார். அவருக்கு எங்கோ ஒரு மூலையில், இந்தப் பெண் ஏதாவது மந்திரம் மாதிரி சொல்லித் திறந்துவிடுவாள் என்றுகூட இருந்தது. துக்கம் வந்துவிட்டால் மனுஷனுக்கு வயசாவது ஒன்றாவது.

"இந்தப் போன் யாரோடதுங்கய்யா?" மறுபடியும் கேட்டார் சாமியம்மா.

"அவளுது. இப்ப என்னுது."

"பூட்டு?"

"கம்பெனிக்காரனுது."

"உள்ள இருந்த பேச்சு?"

"எனக்குன்னு பேசுனதுங்க."

"சாவி?"

"அவகூடப் போயிருச்சு."

"அப்ப உங்க கையில இருக்கறது?"

சென்னியப்பன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கண்ணாடியும் தகரமும்."

"பூட்டுப் போட்ட போனை எதுக்குங்கய்யா வாங்குனாங்க? பூட்டு இல்லாததும் விப்பாங்களே."

அந்தக் கேள்வி அவருக்குப் பிடிக்கவில்லை. போனைத் திரும்பக் கீழே வைத்தார்.

"சொல்லுங்க."

"அந்தக் கம்பெனியிலதான்..." துண்டால் வாயைத் துடைத்தார். "அந்தக் கம்பெனியிலதான் நம்மூருக்குப் பேசத் தனியாக் காசு இல்லீங்களாமா. அவங்க போனைத்தான் வாங்கோணும், அவங்க சிம்மைத்தான் போடோணும்னு சொன்னாங்களாம். சரின்னு வாங்கிட்டா."

"யாருகிட்டப் பேச?"

தோள் இரண்டும் குலுங்கின. அறுபது வயது ஆள் வாய்விட்டு அழுதார். சாமியம்மா தடுக்கவில்லை, தேற்றவும் இல்லை.

அழுது ஓய்ந்த பிறகு சென்னியப்பன் கேட்டார்.

"திறக்க ஏதாச்சும் வழி உண்டுங்களா, சாமி? அந்த ஒண்ணு மட்டும் போதும். மத்ததெல்லாம் போனாப் போகட்டும். அதுல என்ன சொன்னாளோ. என்ன கேட்டாளோ. அதைத் தெரிஞ்சுக்காம நான் எப்படிச் சாவேன்?"

சாமியம்மா எழுந்தார். விளக்கு மாடத்திலிருந்து ஓர் ஊதுபத்தியை எடுத்தார். பாதியாக ஒடித்தார். ஒரு பாதியைப் பற்றவைத்து, உரித்த கடலைக் குவியலில் செருகினார். போனை எடுத்துச் சென்னியப்பனின் கையில் கொடுத்தார்.

"கால் மணி நேரம்னீங்க. இதுவும் அவ்வளவு நேரம் எரியும்."

"எதுக்குங்க?"

"அவங்க பேசட்டும். நீங்க வைக்காதீங்க."

"சாமி, உள்ளதான் ஒண்ணும் இல்லீங்களே..."

சாமியம்மா எதிரில் உட்கார்ந்து கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

வேறு வழியில்லாமல் சென்னியப்பனும் உட்கார்ந்தார். போன் உள்ளங்கையில் கிடந்தது. முதலில் கோபம் வந்தது. என்ன சின்னப்பிள்ளை விளையாட்டு இது? அப்புறம் களத்து நினைப்பு வந்தது. மழை மூட்டமாக இருந்ததே, பருப்பைத் தார்ப்பாய் போட்டு மூடினார்களோ இல்லையோ. காலை மாற்றி உட்கார்ந்தார். ஊதுபத்தியைப் பார்த்தார். கொஞ்சம்தான் எரிந்திருந்தது. கால் மணி நேரம் இத்தனை நீளமா? மகளோடு ஒரு நாளாவது இத்தனை நேரம் பேசியிருக்கிறேனா?

அப்போது போன் அடித்தது.

சென்னியப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கை தானாக எழுந்தது. மகளின் போனைக் காதில் அழுத்தினார். வாயும் தானாகவே பேசிவிட்டது.

"சரி அம்மிணி, வை, காசு ஓடுது."

அடித்தது, மடத்துக்கு வந்திருந்த வேறு யாரோ வாசல் பானையில் போட்டிருந்த போன். நாலு தடவை அடித்துவிட்டு நின்றது.

காதில் கறுப்புக் கண்ணாடி குளிர்ந்தது. தான் சொன்ன வார்த்தை அந்தக் கொட்டகைக்குள்ளேயே நிற்பதுபோல் இருந்தது அவருக்கு. அதை அவர் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். கேட்டது இன்றைக்குத்தான்.

மகளுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்தார். அத்தனை தொலைவில், வேலை முடிந்து வந்த அலுப்போடு, வெளியே பனி பெய்ய, கையில் போனை வைத்துக்கொண்டு.

எழுந்துவிட்டார்.

"போதுங்க சாமி. என்னால முடியல."

சாமியம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பத்தி இன்னும் எரியுதுங்கய்யா."

எழுந்தவர் மெல்ல உட்கார்ந்தார். போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

புகை நேராக எழுந்தது. காக்கை பறந்துபோயிற்று. மாடு படுத்துக்கொண்டது. சென்னியப்பன் ஒரு தடவை தலையை ஆட்டினார். ஒரு தடவை, உம் என்றார். இன்னொரு தடவை அவர் உதடு சிரிக்கப் பார்த்தது, முடியாமல் கோணிக்கொண்டது. கண்ணீர் தாடையில் இறங்கிக் கழுத்துக்குள் போயிற்று, துடைக்கவில்லை.

பத்தி எரிந்து முடிந்தது. சாம்பல் கடலைமேல் உதிர்ந்தது.

சாமியம்மா முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். போனை வாங்கிக் கீழே வைக்கக் கையை நீட்டினார்.

சென்னியப்பன் மற்றொரு கையை உயர்த்தி அவரைத் தடுத்தார்.

"இருங்க சாமி," என்றார் மெதுவாக. "அம்மிணி இன்னும் வைக்கலீங்க."