இருபத்திரண்டு கறுப்புப் பூச்சு

கேட்பவரே, உம்மிடம் ஒரு கேள்வி. தயாராகிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிச் சொல்லியே எத்தனை ஆண்டுகளாக நீர் புறப்படாமல் இருக்கிறீர்?

விடையை இப்போது சொல்ல வேண்டாம். ஞானையாவின் கதையைக் கேட்டுவிட்டுச் சொல்லும்.

ஞானையா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வயது எழுபத்தொன்று. தூத்துக்குடித் துறைமுகச் சாலையில் தங்கப்பழம் என்னும் மெக்கானிக்கின் பட்டறைக்கு ஒரு காலையில் வந்தார். தங்கப்பழத்துக்கு வயது நாற்பத்தாறு. ஒரு காலத்தில் ஞானையாவிடம் கணக்குப் படித்தவர். மூன்று முறை தோற்றவர்.

அன்று ஆசிரியர் சீடரானார். தோற்ற மாணவர் குருவானார்.

ஓடாத ஒரு பழைய காரைக் கயிறு கட்டி இழுத்து வந்திருந்தார்கள். பின்னால் ஒரு சிறிய லாரியில், விபத்தில் நொறுங்கிய ஏதோ ஒரு புதுக் காரிலிருந்து கழற்றிய எஞ்ஜின் இருந்தது.

"தங்கப்பழம், இந்தக் காருக்கு இந்த எஞ்ஜினைப் பொருத்தித் தர வேண்டும். பத்து நாளில் முடியுமா?"

"நாலு வருசமா ஓடாம உங்க ஷெட்டுல கெடந்த வண்டி சார். இப்ப என்ன அவசரம்?"

"இது என் கார் அல்ல. சொரிமுத்துவின் கார்."

தங்கப்பழம் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். சொரிமுத்து அதே பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருந்தவர். ஞானையாவின் உயிர் நண்பர். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் வேலை பறிபோய், காரை ஞானையாவிடம் விட்டுவிட்டு அம்பாசமுத்திரம் போய்ச் சேர்ந்தவர்.

"சயின்ஸ் சார் நல்லா இருக்காங்களா?"

"படுக்கையில் இருக்கிறான். காலையில் ஒரு மணி நேரம்தான் நினைவு தெளிகிறதாம். அப்புறம் ஆள் அடையாளமே தெரிவதில்லையாம். அவன் கண் மூடுவதற்குள் இந்தக் காரை ஓட்டிக்கொண்டு போய் அவன் வாசலில் நிறுத்த வேண்டும்."

"பஸ்ல போயி ஒரு எட்டு பாத்துட்டு வாங்களேன்."

"வெறுங்கையோடா?"

குரு லாரியில் இருந்த எஞ்ஜினை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

ஞானையா இருநூறு பக்க நோட்டு ஒன்றை நீட்டினார். பழைய எஞ்ஜினின் எடை, புதியதன் எடை, நீள அகலங்கள், குளிர்விக்கும் ரேடியேட்டருக்கு எவ்வளவு இடம், பெட்ரோல் டேங்குக்குள் வைக்க வேண்டிய பம்பு, மாற்ற வேண்டிய பிரேக்குகள், ஒயர்களின் படம். எல்லாம் சிவப்பு மையில் அடிக்கோடிடப்பட்டிருந்தன.

"எத்தனை நாளா எழுதுனீங்க சார்?"

"மூன்று ஆண்டுகள்."

தங்கப்பழம் பக்கங்களைப் புரட்டினார். பிறகு கேட்டார்.

"சாவி யார்கிட்ட சார் இருக்கு?"

ஞானையாவின் முகம் வெளுத்தது.

"எந்தச் சாவி?"

"இந்த எஞ்ஜினோட சாவிதான். அந்தக் காலத்து எஞ்ஜின் மாதிரி இல்ல சார் இது. கூட ஒரு கம்ப்யூட்டர் பெட்டி உண்டு. தன்னோட சாவி எதுன்னு அதுக்குத் தெரியும். வேற எந்தச் சாவியைப் போட்டாலும் அசையாது."

"எஞ்ஜினை வாங்கிய கடையில் கேட்டு வாங்கி வருகிறேன்."

நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு அவசரமாகக் கிளம்பினார்.

மூன்றாம் நாள் ஞானையா சாவியோடு வந்தார்.

"வைத்துவிடலாமா?"

"முதல்ல முன் சட்டத்தைச் சுரண்டணும். எஞ்ஜின் உக்காரப்போற ரெண்டு எடம். இரும்பு தெரியணும்."

"சரி, ஆளை விட்டுச் சுரண்டச் சொல்."

"நீங்கதான் சுரண்டணும்."

"நானா?"

"நான் தப்பாப் போட்ட கணக்கை என் கையாலதான அழிக்க வெச்சீங்க?"

முதியவர் கீழே ஒரு சாக்கை விரித்துக் காருக்கடியில் படுத்தார். கையில் ஒரு தகட்டுச் சுரண்டி. மேலே கறுப்பு. அதைச் சுரண்டினால் அதற்கடியில் இன்னொரு கறுப்பு. அதற்கடியிலும் கறுப்பு. பிசின்போல் உருண்டு கண்ணிலும் வாயிலும் விழுந்தது.

"என்ன சார் இது, தார் ரோடு போட்டு வெச்சிருக்கீங்க?"

"துரு ஏறாமல் இருக்க அடிக்கும் பூச்சு. கடற்கரை ஊரல்லவா, உப்புக் காற்று! ஆண்டு தவறாமல் அடித்தேன். மார்ச் பதினேழு. ஒரு வருடம்கூடத் தவறியதில்லை."

"பழசைச் சுரண்டிட்டு அடிச்சீங்களா?"

"எதற்குச் சுரண்ட வேண்டும்? மேலே பளபளவென்று இருந்ததே."

நான்கு நாட்கள் சுரண்டினார். இரண்டாம் நாள் மாலையில் அம்பாசமுத்திரத்திலிருந்து போன் வந்தது. தெளிவு இப்போது அரை மணி நேரம்தான் என்றார் சொரிமுத்துவின் மனைவி. ஞானையா கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டு இன்னும் வேகமாகச் சுரண்டினார்.

நான்காம் நாள் காருக்கடியிலிருந்து குரல் வந்தது.

"தங்கப்பழம், இரும்பைக் காணவில்லை."

குரு குனிந்தார். ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்துச் சட்டத்தின் மேல் வைத்து மெல்ல அழுத்தினார். அது கைப்பிடிவரை உள்ளே போயிற்று. உருவினார். துளை வழியே பட்டறையின் வெளிச்சம் தெரிந்தது.

"நீங்க எனக்குப் போட்ட சைபர் மாதிரியே இருக்கு சார்."

ஞானையா சிரிக்கவில்லை.

"தகடு வைத்து வெல்டிங் செய்துவிடு."

"எதுல வெச்சு? வெல்டிங் பிடிக்கணும்னா பக்கத்துல நல்ல இரும்பு வேணும்லா? இந்தப் பக்கமும் இல்ல, அந்தப் பக்கமும் இல்ல. தண்ணியும் உப்பும் உள்ள இருக்கும்போதே மேல மேல பூசி மூடிட்டீங்க. வெளிய போக வழியில்லாம உள்ளேயே தின்னுருக்கு."

"நான் காப்பாற்றத்தானே பூசினேன்!"

"தெரியும் சார்."

"புதிய எஞ்ஜின் தாங்காதா?"

"பழசையே பூச்சுதான் தாங்கிக்கிட்டு இருந்திருக்கு."

ஞானையா காருக்கடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தார். எழவில்லை. சக்கரத்தின் மீது சாய்ந்து தரையிலேயே அமர்ந்தார். அவருடைய வெள்ளைச் சட்டை கறுத்திருந்தது. அந்தக் கறையைத் தேய்த்தபடி பேசினார்.

"மார்ச் பதினேழு என்ன நாள் என்று நீ கேட்கவில்லையே."

"நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

"வினாத்தாள் வெளியே போனது நினைவிருக்கிறதா? விசாரணைக்கு வந்தவர்கள் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள். வினாத்தாள் வைத்திருந்த அலமாரியின் சாவி யாரிடம் இருந்தது? சொரிமுத்துவிடம் இருந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்குத் தேதி மார்ச் பதினேழு."

"சாவி யார்கிட்ட சார் இருந்துச்சு?"

"என் சட்டைப் பையில். பூட்ட மறந்தவன் நான்."

தங்கப்பழம் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"சயின்ஸ் சாருக்குத் தெரியுமா?"

"அவனிடம் சாவி இல்லை என்பது அவனுக்குத் தெரியாதா? ஊரைவிட்டுப் போகிற அன்று என் வீட்டுக்கு வந்தான். இந்தக் காரின் சாவியை என் உள்ளங்கையில் வைத்து மூடினான். 'ஞானையா, இந்தச் சாவியாவது உன்கிட்டதான் இருக்குன்னு நாலு பேர்கிட்ட சொல்லு' என்றான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவன் என்னோடு பேசவில்லை."

அவர் தம் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார்.

"ஓடுகிற காரைக் கொண்டுபோய் நிறுத்தினால், நான் எதுவும் பேச வேண்டியிருக்காது என்று நினைத்தேன். இப்போது காரும் இல்லை. நான் அவனுக்கு எதைக் கொடுப்பேன்?"

தங்கப்பழம் அந்த இருநூறு பக்க நோட்டை எடுத்தார். கடைசித் தாளைக் கிழித்தார். தம் காதில் செருகியிருந்த பேனாவோடு சேர்த்து நீட்டினார்.

"அன்னைக்கு விசாரணையில எழுதிக் குடுத்த வரியைத் திருத்தி எழுதுங்க."

ஞானையா எழுதினார். ஒரே வரி. கையெழுத்திட்டார். தாளில் கறுப்பு விரல் ரேகைகள் பதிந்தன.

"மூணு வருசம் நோட்டு எழுதுனீங்க. இதுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு சார்?"

முதியவர் தலைகுனிந்தார்.

"நேற்று அவனுக்குத் தெளிவே வரவில்லையாம், தங்கப்பழம். இன்று காலையிலும் இல்லையாம். இனிமேல் போய் யாரிடம் சொல்வேன்? அவன் காதில் விழாதே!"

"அவங்க காதுல விழாமலே போகலாம் சார். நான் இல்லைன்னு சொல்லல. ஆனா அந்தம்மா இருக்காங்கள்லா? வினாத்தாள் வித்தவன் பொண்டாட்டின்னு ஊரு சொல்ல, இருபத்திரண்டு வருசம் தலை குனிஞ்சு நடந்தவங்க. அவங்ககிட்ட வாசிச்சுக் காட்டுங்க. அப்புறம் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்க."

ஞானையா சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தாளை நான்காக மடித்தார். தம் சட்டையைப் பார்த்தார்.

"வீட்டுக்குப் போய்க் குளித்து, நல்ல சட்டையாக ஒன்று மாற்றிக்கொண்டு, நாளைக் காலையில்..."

குரு அவர் கையைப் பிடித்தார். சாலைக்கு இழுத்து வந்தார். எதிரே வந்த ஆட்டோவை நிறுத்தினார்.

"பஸ் ஸ்டாண்டு. சார் அம்பாசமுத்திரம் போறாங்க. திருநெல்வேலி பஸ்ஸுல ஏத்திவிட்டுட்டுத்தான் நீ திரும்பணும்," என்றார் ஓட்டுநரிடம்.

பிறகு ஆட்டோவுக்குள் குனிந்து, தம் பழைய தலைமையாசிரியரைப் பார்த்துக் கும்பிட்டார்.

"இந்தச் சட்டையோடயே போங்க சார். இன்னைக்கே போங்க. இப்பவே."