மட்டக் குதிரையும் பாறைவாசலும்

முன்னொரு காலத்தில் நீலமேட்டு நாட்டை ஒரு ராஜா ஆண்டான். பேர் செண்டலங்காரன். பட்டம் கட்டி எட்டே நாள்தான், அதற்குள் சபையில் எல்லாரும் இருமக்கூடப் பயந்தார்கள்.

குதிரை வியாபாரி சடையாண்டி காணிக்கையாக ஒரு மட்டக் குதிரையைக் கொண்டுவந்தான். அடக்கமான, உறுதியான குதிரை. லாயத் தலைவர் பூவராகனுக்கு வயிறு எரிந்தது.

"மகாராஜா! மட்டம் என்றால் குட்டைக் குதிரை மட்டுமா? கீழானதுக்கும் அதுதான் பேர். இவன் தங்களை என்ன நினைத்திருக்கிறான்?"

ராஜா முகம் சிவந்தது.

சடையாண்டி கைகூப்பினான். "கொத்தனார் கையில் இருப்பதும் மட்டம்தான் சாமி. அது இல்லாமல் இந்த மாளிகை எழும்பியிருக்குமா?"

"வேலைக்கு வராதவன் போடுவதும் மட்டம்தான்!" என்றார் பூவராகன். சபை சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை.

"உங்கள் வார்த்தை வியாபாரம் போதும். நாளை மலைக்கோயில் பவனி. சடையாண்டி, அது முடிவதற்குள் இந்தக் குதிரை எனக்கு ஏற்றது என்று காட்டு. இல்லையேல் உன் நாக்கை அறுப்பேன்."

நாக்கை வைத்தே பிழைத்தவன். அன்று ராத்திரியே மலைப்பாதையில் ஏறிப் பார்த்துவிட்டு வந்தான்.

பவனியில் புது ராஜா மண்ணில் கால் படாமல், குதிரை மேலேயே கோயில் சேர வேண்டும். சாமிக்கு முன்னால் தவிர எங்கும் தலை குனியக் கூடாது. அதுதான் அந்த வம்சத்து முறை.

மறுநாள் பூவராகன் இருப்பதிலேயே உயரமான குதிரையில் ராஜாவை ஏற்றினார். சடையாண்டி தன் குதிரையைப் பிடித்துக்கொண்டு கடைசியில் நடந்தான்.

பாதி மலையில், பாதைக்கு மேலே பாறை கவிந்து நின்ற பாறைவாசல் வந்தது. குதிரை மேல் இருந்த ராஜாவின் மார்பு உயரத்துக்கே மேல்பாறை. பவனி நின்றது. இறங்கவும் முடியாது, குனியவும் முடியாது. ஊரே பார்க்கிறது.

பூவராகன் உளறினார்: "லேசாகக் குனிந்தால்..."

"யாரைக் குனியச் சொல்கிறாய்?"

சடையாண்டி மட்டக் குதிரையை முன்னால் கொண்டுவந்து, ராஜாவின் குதிரையை ஒட்டி நிறுத்தினான். "சாமி, அப்படியே இதில் மாறி உட்காருங்க. கால் தரையில் படாது."

ராஜா மாறினான். சடையாண்டி கடிவாளத்தைப் பிடித்து, மூச்சைப் பிடித்து நடந்தான். வாசலை முந்தின ராத்திரியே அளந்து பார்த்திருந்தான். கிரீடத்தை யார் அளக்க விட்டார்கள்? உரசினால் நாக்கு போச்சு!

உரசவில்லை. ஒரு விரல்கடை மிச்சம்.

அந்தப் பக்கம் போனதும் ராஜா வாய்விட்டுச் சிரித்தான். "இனி இதுதான் என் பட்டத்துக் குதிரை. லாயம் உன் பொறுப்பு, சடையாண்டி."

"நாக்கு, சாமி?"

"நீயே வைத்துக்கொள். பூவராகா, நீ அந்த உயரக் குதிரையில் ஏறி வா."

பூவராகன் கழுத்தை மடக்கி, பிடரிமயிரில் மூக்கு உரச வாசலுக்குள் நுழைந்தார்.

"இன்னும் கொஞ்சம் குனிங்க ஐயா," என்றான் சடையாண்டி. "பாறைக்கு ஆள் தெரியாது."