பன்னிரண்டு தொட்டி நந்தியாவட்டை

“எவனோ ஒரு பாவி செடிக்கு மருந்து ஊத்தியிருக்கானுங்க சாமி. அவன் கை விளங்குமா? செஞ்சவன் எவனோ, அவனே வந்து சரி பண்ணோணும். அதுவரைக்கும் நான் சும்மா விடமாட்டேன்.”

ராக்கியண்ணன் மஞ்சள் இலை ஒன்றை மடத்துச் சாமியின் முகத்துக்கு நேரே ஆட்டினார். அறுபத்திரண்டு வயது. நாற்பது வருடம் மாட்டுச் சந்தையில் தரகு பேசிய தொண்டை, மடத்துக்கு வந்து மூன்று வருடமாகியும் இறங்கவில்லை. சாமிக்கு முப்பத்து மூன்றுதான். அவர் இலையைப் பார்க்காமல் ராக்கியண்ணனைப் பார்த்தார்.

பழைய சாமியின் சமாதியைச் சுற்றிப் பன்னிரண்டு சிமெண்டுத் தொட்டிகள். பன்னிரண்டிலும் நந்தியாவட்டை. எந்தக் கோடையிலும் பச்சை மாறாத செடி, இப்போது அடியிலையிலிருந்து மஞ்சள் ஏறி, தொட்டால் இலை கையோடு வந்தது.

“நாச்சாயிதான் கெடுத்தாள்னு எட்டு நாளைக்கு முன்னால சொன்னீங்க.”

“தண்ணி ஊத்தினவ அவதானுங்களே?”

“மூட்டையோட மடத்தை விட்டு வெளிய அனுப்பினீங்க.”

“நீங்களும் பார்த்துக்கிட்டுத்தானுங்க இருந்தீங்க!”

“இருந்தேன். அந்தப் பாவம் என்னுது. அவ போயும் மஞ்சள் நிக்கலையே, ஏன்?”

“அதைத்தானுங்க கத்தறேன், வேற ஒருத்தன் இருக்கான்னு! காலையில ஒரு குடம், சாயங்காலம் ஒரு குடம், என் கையால ஊத்தறேன். உரத்தையும் ரெட்டிப்பாக்கிட்டேன். இன்னும் என்னத்தைக் கொட்டறது?”

“மாடு பிடிக்கப் போனா எதைப் பார்ப்பீங்க?”

“பல்லுங்க. தோல் மினுக்கைப் பார்த்துப் பிடிக்கிறவன் வீடு போய்ச் சேர்றதுக்குள்ள அழுவான்.”

“இலை தோலு. வாங்க, பல்லைப் பார்ப்போம்.”

இருவருமாக ஒரு தொட்டியைச் சாய்த்தார்கள். செடி மண்ணோடு வழுக்கிக்கொண்டு வந்தது. பின்னாலேயே சாக்கடை நாற்றம். தொட்டியின் அடியில் கறுப்புத் தண்ணீர் தேங்கி நின்றது. சாமி ஒரு வேரை விரலால் உருவினார். தோல் கழன்று, நூல் போன்ற நரம்பு மட்டும் மிஞ்சியது.

“மூச்சு முட்டிச் செத்திருக்கு,” என்றார்.

தொட்டியைக் கவிழ்த்தார். அடியில் துளை இருக்க வேண்டிய இடத்தில் வழவழப்பாகச் சிமெண்டு பூசியிருந்தது. பூச்சின் நடுவே ஒரு கட்டைவிரல் ரேகை. ரேகைக்குக் குறுக்கே, மூக்கணாங்கயிறு அறுத்த பழைய தழும்பின் தடம்.

ராக்கியண்ணன் தன் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார்.

குருபூஜைக்காகப் போட்ட வெள்ளைக் கல்தரை. தொட்டித் தண்ணீர் ஒழுகிக் கறை படிகிறதென்று பன்னிரண்டு துளையையும் அவர்தான் அடைத்திருந்தார். அன்றைக்கு நாச்சாயி குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்: “ஓட்டையை அடைச்சுப்போட்டா தண்ணி எங்கீங்கண்ணா போகும்?”

“உன்னைக் கேட்டனா? சொன்ன மாதிரி ஊத்து.”

அவளும் ஊற்றினாள். துரத்தியபோது அந்தப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை.

மற்ற பதினொன்றையும் சாய்த்துப் பார்த்தார்கள். நான்கில்தான் வெள்ளை வேர் இருந்தது.

“இது நாலும் பிழைக்குமுங்களா?”

“கறுப்பு வேரை நறுக்கி, தலையைப் பாதியா வெட்டி, மணல் கலந்த மண்ணுல நடணும். துளை திறந்திருக்கணும். நிழல்ல வச்சு, விரலை விட்டுப் பார்த்து மண்ணு காஞ்சிருந்தாத்தான் தண்ணி. பிழைச்சா பிழைக்கும். மத்த எட்டும் அடுப்புக்கு.”

ராக்கியண்ணன் பாய்ந்து கத்தியை எடுத்தார். சாமி அதை வாங்கிக்கொண்டார்.

“செடி என் வேலை. நாச்சாயி பஸ் ஸ்டாண்டுல கிடக்கறா. காய்ச்சலாம். நேத்திலிருந்து பேச்சு இல்லைன்னு இப்பத்தான் பால்காரர் சொல்லிட்டுப் போனார்.”

ராக்கியண்ணனின் தொண்டை முதல்முறையாக இறங்கியது. “ஆளை அனுப்பி ஆஸ்பத்திரியில சேர்த்துடலாமுங்க. ஒரு சேலை எடுத்துக் குடுத்து... நான் போய் நின்னா நாலு பேரு பார்ப்பாங்க. சத்தமில்லாம முடிச்சுக்கலாமுங்க சாமி.”

“சந்தையில துண்டுக்குள்ள கையை விட்டு, பக்கத்துல நிக்கறவனுக்கும் தெரியாம விலை பேசுவீங்க, தெரியும். அவளைத் துரத்தினது ஊர் கேட்கத்தானே?”

ராக்கியண்ணன் தோளில் கிடந்த துண்டைப் பிடித்தபடி நின்றார்.

சாமி முதல் கறுப்பு வேரை நறுக்கினார். தலை நிமிராமல் சொன்னார்:

“செஞ்சவனே வந்து சரி பண்ணோணும்னு கத்துனீங்களே ராக்கியண்ணா. வந்துட்டான். இன்னும் எதுக்கு நிக்கறான்?”