கத்தாமல் உட்கார்ந்த ஆட்காட்டி

கருவேலங்காட்டை ஒட்டி ஒரு கண்மாய் இருந்தது. கோடையில் தண்ணீர் நடுப்பள்ளத்துக்குப் போய்விடும். சுற்றிலும் வெடித்த மண்ணும் கூழாங்கல்லுமாகப் பொட்டல் கிடக்கும். அந்தப் பொட்டலில்தான் வடிவு என்ற ஆட்காட்டிப் பறவையும் அவள் கணவன் மருதனும் குடியிருந்தார்கள்.

ஆட்காட்டிகளுக்கு மரமும் வேண்டாம், கூடும் வேண்டாம். வெறுந்தரையில் நாலு கூழாங்கல்லை ஒதுக்கிவிட்டு முட்டையிடுவார்கள். முட்டையும் கூழாங்கல் நிறம்தான். அடைகாப்பவள் அசையாமல் இருந்தால் பத்தடி தூரத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது. அப்படி அசையாமல் இருப்பதுதான் வடிவுக்கு வராது.

சருகு அசைந்தால் கத்துவாள். மேகத்தின் நிழல் நகர்ந்தால் கத்துவாள். ஒருநாள் தன் நிழலையே பார்த்துக் கத்தினாள். காட்டில் அவளுக்கு ஊர்க்கூட்டி என்று பட்டப்பெயர்.

போன கோடையில் இரண்டு முறை முட்டையிட்டாள். இரண்டு முறையும் நரி தின்றுவிட்டது. நரியைச் சொல்லி என்ன பயன்? அது தன் பாட்டுக்குத் தண்ணீர் குடிக்கப் போய்க்கொண்டிருந்தது. இவள்தான் எழுந்து பறந்து, அதன் தலைக்கு மேலே வட்டமடித்து, விருந்துக்கு அழைப்பது போலக் கூப்பாடு போட்டு இடத்தைக் காட்டிக்கொடுத்தாள். பிறகு காலி மண்ணைப் பார்த்துப் பார்த்து அழுதாள்.

இந்தக் கோடையில் மறுபடி நாலு முட்டை. அதுவும் தாமதமாக வந்த முட்டை. இது போனால் மழைக்கு முன்னால் இன்னொரு முறை இட நாள் இல்லை. குஞ்சு பொரிக்க இருபத்தெட்டு நாள் ஆகும். இருபத்தெட்டு நாளும் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும்.

நாலாவது முட்டையை இட்ட அன்றே வடிவு சொல்லிவிட்டாள்.

"என்னங்க, இந்தத் தடவை நான் தியானம் பழகப் போறேன். மனசு அடங்கினா வாயும் அடங்கும்."

"நல்லதுதான் புள்ள. என்னன்னு கேட்டுட்டு வந்து எனக்கும் சொல்லு" என்று மருதன் முட்டைமேல் உட்கார்ந்தபடியே சொன்னான்.

பள்ளத்துத் தண்ணீரில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்த கொக்கிடம் வடிவு போனாள். தியானம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது கொக்குதானே. கொக்கும் ஒளிக்காமல் பேசியது. தான் நிற்பது மீனுக்காகத்தான் என்றும், நின்று நின்று மீனோடு அமைதியும் சேர்ந்து வர ஆரம்பித்துவிட்டது என்றும் சொன்னது.

"வழி ரொம்பச் சின்னது வடிவு. மூச்சு உள்ள வருது, வெளிய போகுது. அதை மட்டும் பாரு. மனசு ஓடிப்போனா திட்டாத. திரும்பக் கூட்டிட்டு வா. அவ்வளவுதான்."

"எத்தனை நாள் கொக்கண்ணே?"

"குஞ்சு பொரிக்கிற வரைக்கும் பண்ணேன். அப்புறம் பேசிக்கலாம்."

வடிவு திரும்பி வந்து மருதனுக்கும் சொல்லிக்கொடுத்தாள். முறை வைத்து முட்டைமேல் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர் மூச்சைப் பார்த்தார். முதல் நாள் வடிவுக்கு ஆனந்தமாக இருந்தது. இரண்டாம் நாளும் பரவாயில்லை. மூன்றாம் நாள் இறக்கைக்கடியில் அரித்தது, கால் மரத்தது, மனசு முன்னைவிட அதிகமாகக் கூச்சல் போட்டது. உட்காராமல் இருந்தபோதுகூட இவ்வளவு சத்தம் கேட்டதில்லையே என்று அவளுக்கு எரிச்சல் வந்தது.

"இந்த மூச்சு வழி நமக்கு ஒத்துவராதுங்க. கொக்குக்குக் கால் நீளம், அதுக்குச் சரி" என்றாள்.

மருதனுக்கும் ஒத்துவரவில்லைதான். பாதி நேரம் தூங்கி விழுந்தான். மீதி நேரம் எதைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்றே மறந்துபோனான். ஆனாலும் வேறு எதையும் தேடிப்போக அவனுக்குச் சோம்பலாக இருந்ததால் அதையே செய்துகொண்டிருந்தான்.

வடிவு ஆமையிடம் போனாள். கண், காது, கழுத்து எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொள்ளச் சொன்னது ஆமை. ஆகா, இதுவல்லவா வழி என்று வடிவு பூரித்துப்போனாள். இரண்டு நாள் கழுத்தை உள்ளே இழுத்து இழுத்து உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் கழுத்து பிடித்துக்கொண்டது. அந்த வழியும் அன்றோடு போயிற்று.

அடுத்து வண்டு. அது ரீங்காரத்தில் மனசைக் கரைக்கச் சொன்னது. முட்டையை ஒளித்து வைத்துக்கொண்டு அதன்மேல் உட்கார்ந்து ரீங்காரம் செய்வது புத்திசாலித்தனமா என்று மருதன் மெதுவாகக் கேட்டான். கேள்வி நியாயமாகப் படவே வடிவு இரண்டே நாளில் எருமையிடம் போனாள்.

"அசை போடு. வேற ஒண்ணும் நினைக்காத" என்றது எருமை. வடிவு வாயில் ஒரு புல்லை வைத்துக்கொண்டு மூன்று நாள் மென்றாள். புல்லும் கசந்தது, தியானமும் கசந்தது.

இதற்குள் ஒன்று நடந்திருந்தது. நாலு வழி தெரிந்ததும் வடிவு பெரிய ஆளாகிவிட்டாள். தண்ணீருக்கு வரும் மைனாக்களையும் அணில்களையும் நிறுத்தி வைத்து, மூச்சு வழியில் என்ன குறை, ஆமை வழியில் என்ன நிறை என்று விளக்கினாள். கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். வீட்டில் மருதன் இன்னும் மூச்சைப் பார்த்துக்கொண்டு தூங்கி வழிவதைப் பார்த்தால் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"பன்னிரண்டு நாளா ஒரே பாடமா? நான் நாலு வகுப்பு தாண்டிட்டேன்" என்று கேலி செய்தாள்.

"நீ கெட்டிக்காரி புள்ள" என்று மருதன் ஒப்புக்கொண்டான்.

அன்றைக்கு உச்சிவெயில். முட்டை சூட்டில் வெந்துவிடாமல் இருக்க, ஆட்காட்டிகள் வயிற்றுச் சிறகைத் தண்ணீரில் நனைத்து வந்து முட்டைமேல் உட்காருவார்கள். மருதன் அப்படி நனைக்கப் போயிருந்தான். வடிவு தனியாக உட்கார்ந்திருந்தாள். கரையேறி நரி வந்தது.

நரி அவளைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்துத்தான் நடந்து வந்தது. வடிவுக்குத் தொண்டையில் கத்தல் வந்து முட்டியது. இப்போது தியானம் செய்தாக வேண்டும். எந்தத் தியானம்? மூச்சைப் பார்ப்பதா? கழுத்தை இழுப்பதா? ரீங்காரமா? புல் எங்கே? ஒரு மூச்சு பார்த்தாள், பாதியில் கழுத்தை இழுத்தாள், அதையும் விட்டுவிட்டுப் புல்லைத் தேடினாள். அதற்குள் நரியின் காலடியில் ஒரு கல் உருண்டது. அவ்வளவுதான். வடிவு எழுந்து பறந்து கண்மாயே அதிரக் கத்தினாள்.

நரி நிமிர்ந்து பார்த்துச் சிரித்தது. "அடடே, வடிவா? இந்த வருஷமும் மறக்காம கூப்பிட்டுட்டியே!"

பிறகு அது தரையை முகர்ந்து முகர்ந்து வந்தது. முட்டைக்கும் அதற்கும் இருபதடிகூட இல்லை. வடிவு மேலே சுற்றிச் சுற்றிக் கதறினாள். கதறுவது தப்பு என்று தெரிந்தே கதறினாள். நிறுத்த முடியவில்லை.

அப்போது மருதன் வந்தான். அவன் கத்தவில்லை. முட்டைப் பக்கமும் போகவில்லை. எதிர்ப்பக்கம் ஒரு வெறும் கல் கிடந்தது. அதன்மேல் இறங்கி, சிறகைப் பரப்பி, கண்ணைப் பாதி மூடி, அடைகாப்பவன் போலவே உட்கார்ந்துகொண்டான்.

நரி திரும்பிப் பார்த்தது. ஓகோ, முட்டை அங்கேயா என்று பதுங்கிப் பதுங்கி அவனை நோக்கி நகர்ந்தது. பதினைந்து அடி. பத்தடி. மருதன் அசையவில்லை. மேலே பறந்த வடிவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. நரி பாய்ந்த அந்த நொடியில்தான் அவன் எழுந்து பறந்தான். நரியின் மூக்கு, சுட்டுக் கிடந்த கல்லில் நச்சென்று மோதியது.

நரி அந்தக் கல்லையே சுற்றிச் சுற்றித் தோண்டியது. வெயில் முதுகைப் பிளந்தது. கடைசியில் வீங்கிய மூக்கோடு, "இங்கதான் எங்கேயோ இருக்கு. இன்னொரு நாள் வந்து பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனது.

வடிவு முட்டைமேல் வந்து உட்கார்ந்தாள். மருதனிடம் கேட்டாள்.

"உங்களுக்குப் பயமா இல்லையா?"

"இல்லாம என்ன? வந்துச்சு. மூச்சைப் பார்த்தேன். போச்சு. மறுபடி வந்துச்சு, மறுபடி பார்த்தேன். தினமும் தூக்கத்தையும் அரிப்பையும் அப்படித்தானே பார்க்கிறேன், பழகிப்போச்சு."

வடிவுக்கு வெட்கமாக இருந்தது. நாலு வழியைப் பற்றியும் அவளால் பொழுது சாயும்வரை பேச முடியும். ஒரு வழியில்கூட நாலாவது நாளைப் பார்த்ததில்லை.

சாயங்காலம் மருதனை உட்காரவைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு கொக்கிடம் போனாள். எல்லாவற்றையும் சொன்னாள். ஆமை வழியிலோ எருமை வழியிலோ ஏதாவது குறை இருந்ததா என்றும் கேட்டாள்.

"ஒரு குறையும் இல்ல. ஆமை நூறு வருஷமா அதுலதான் இருக்கு. எருமைக்கு அதோட வழி போதும். நீ எதுல எந்த நாள் விட்டே?"

"எல்லாத்துலயும் மூணாம் நாளுக்குள்ள."

"அரிப்பு வந்ததும் விட்டிருக்கே. அரிப்பு வர்ற நாள்தான் பாடம் ஆரம்பிக்கிற நாள். அதுக்கு முன்னாடி நடந்ததெல்லாம் வேடிக்கை" என்றது கொக்கு. பிறகு ஒரு மீன் வந்துவிட்டதால் பேச்சை நிறுத்திக்கொண்டது.

வடிவு மூச்சிலிருந்து மறுபடி தொடங்கினாள். மூன்றாம் நாள் அதே அரிப்பு வந்தது. உட்கார்ந்திருந்தாள். நாலாம் நாள் அலுப்பு வந்து கொன்றது. ஐந்தாம் நாள் அழுகை வந்தது. ஒன்றும் பெரிதாக நடந்துவிடவில்லை. ஆனால் எட்டாம் நாள் ஒரு சருகு அசைந்தபோது, கத்தல் தொண்டைவரை வந்து, அங்கேயே சற்று நின்று, திரும்பிப் போனது. வடிவு ஆச்சரியத்தில் அதைப் பற்றி மருதனிடம் சொல்லக்கூட மறந்துபோனாள்.

பத்தாம் நாள் ஒரு பச்சோந்தி அந்தப் பக்கம் வந்தது. தூரத்துக் காட்டில் தியானம் பழகி வந்ததாம். ஒரு கண்ணால் முன்னேயும் ஒரு கண்ணால் பின்னேயும் பார்த்தபடி, புதிதாக ஒரு வழி இருப்பதாகவும், மூன்றே நாளில் மனசு கல்லாக நின்றுவிடும் என்றும் சொன்னது. வடிவுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. பழைய நாளாக இருந்தால் எழுந்தே போயிருப்பாள். வயிற்றுக்கடியில் நாலு முட்டையும் கதகதப்பாக இருந்தன.

"நல்ல வழியாத்தான் இருக்கும். எனக்கு ஒண்ணு இருக்கு" என்று சொல்லிவிட்டு மூச்சுக்குத் திரும்பினாள். பச்சோந்தி அதைக் கேட்டுக் கொஞ்சம் நிறம் மாறியது, அப்புறம் மெல்ல நகர்ந்து போனது.

இருபத்தெட்டாம் நாள் வந்தது. காலையிலிருந்தே முட்டைக்குள்ளிருந்து தட்டும் சத்தம். வெயில் ஏறியதும் மருதன் வயிற்றை நனைக்கப் போனான். சொல்லி வைத்தது போல நரி கரையேறி வந்தது. இந்த முறை தண்ணீரைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே வந்தது.

வடிவு மூச்சைப் பார்த்தாள். உள்ளே வந்தது, வெளியே போனது. நரி முப்பதடியில் நின்றது. மனசு ஓடியது. திட்டாமல் கூட்டி வந்தாள். நரி இருபதடிக்கு வந்தது. கட்டெறும்பு ஒன்று பார்த்துப் பார்த்து அன்றைக்கென்று அவள் காலைக் கடித்தது. வலியையும் பார்த்தாள், மூச்சுக்குத் திரும்பினாள். கத்தல் தொண்டைக்கு வந்தது. அதற்கும் இடம் கொடுத்து, மறுபடி மூச்சுக்கே திரும்பினாள். நரியின் வால் அவளுக்கு எட்டடி தூரத்தில் புழுதியைத் தடவிக்கொண்டு போனது. தண்ணீர் ஓரத்தில் மருதனும் அசையாமல் நின்றான்.

நரி நின்று பொட்டலைச் சுற்றிலும் ஒருமுறை பார்த்தது. கூழாங்கல், வெடிப்பு, கானல். வேறு ஒன்றும் அதன் கண்ணில் படவில்லை.

"இங்க ஒரு வாயாடி இருந்தாளே" என்று தனக்குத்தானே முணுமுணுத்தது. "சத்தத்தையே காணோம். குடி மாறிப் போயிட்டா போல."

அது ஏமாற்றத்தோடு கரையைத் தாண்டிக் காட்டுக்குள் போனது. வடிவு இன்னும் நூறு மூச்சு பார்த்தாள். பிறகு எழுந்து, பதினாறு நாளாகச் சேர்த்து வைத்திருந்த கத்தலை மொத்தமாக ஒரே கத்தாகக் கத்தினாள். பள்ளத்தில் கொக்கு திடுக்கிட்டு, வாயில் இருந்த மீனைத் தவறவிட்டது.

மருதன் பதறிப்போய் ஈர வயிற்றோடு ஓடி வந்தான். வடிவின் காலடியில் நாலு ஓடு உடைந்து கிடந்தது. நாலு குஞ்சுகள் தள்ளாடி நின்றன. அதில் மூத்தது முதன்முதலாக உலகத்தைப் பார்த்தது, ஒரு சருகு அசைவதைப் பார்த்தது, வாயைத் திறந்து கத்த ஆரம்பித்தது. வடிவுக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது.

தியானத்தில் ஒரு வழியைப் பிடித்தவர் அலுப்பு வரும் நாளில் வேறு வழி தேடி ஓடாமல் அதிலேயே நிலைத்திருந்தால்தான், ஆபத்து வரும் நாளில் அது அவருக்குத் துணை நிற்கும்.